அப்பா போகப்போவது எங்கள் நாய் மணிக்கு முன்பே தெரிந்திருந்ததா?

கேள்வி:

கால்நடை டாக்டருக்கு வணக்கம். என் அப்பா ஐந்து வாரங்களுக்கு முன் காலமானார். வயது 74. இரண்டு வருடமாக இதயம் பலவீனமாக இருந்தது. கடைசியாகக் காட்டியபோது இதயம் 20 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று சொன்னார்கள். எங்கள் நாய் மணிக்கு 9 வயது. குட்டியாக வந்த நாளிலிருந்து அப்பாதான் அவனுக்கு எல்லாம். அப்பா இறப்பதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே அவர் கட்டிலடியை விட்டு அவன் நகரவில்லை. அவர் பாதத்தை முகர்வதும் நக்குவதுமாக இருந்தான். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டான். கடைசி இரவு அப்பாவுக்கு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். விடியற்காலை 3 மணிக்கு உயிர் பிரிந்தது. சரியாக அந்த நேரத்தில் மணி ஊளையிட்டான் என்று வீட்டில் இருந்த தங்கை சொன்னாள். ஒரு நாய்க்குத் தெரிந்தது பெற்ற மகளுக்குத் தெரியவில்லையே என்று மனது அடித்துக்கொள்கிறது. அவன் சொன்னதைப் புரிந்துகொண்டு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அப்பா இருந்திருப்பாரா?

இன்னொன்று. பத்து நாளாக மணி அம்மாவின் கட்டிலடியில் படுக்கிறான். அம்மா ராத்திரியில் சரியாகத் தூங்குவதே இல்லை. அவன் அங்கே படுத்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. மணி பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறான். சாயங்காலமானால் வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறான். பூனை ஒன்றும் இருக்கிறது. அது அலமாரிக்கு அடியிலேயே கிடக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடிதத்தில் கடைசியாக வரும் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இன்று இரவும் நீங்கள் அதை நினைத்துக்கொண்டுதான் படுப்பீர்கள். மணி அம்மாவின் கட்டிலடியில் படுப்பதற்கு, அம்மாவுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம் இல்லை. ஒரே மனிதரை ஒட்டி 9 வருடம் வாழ்ந்த நாய் அவன். அந்த மனிதர் இல்லாமல் போனதும் வீட்டில் அடுத்து யார் பக்கத்தில் இருப்பது என்று தேடுகிறான். ராத்திரி முழுக்க விழித்திருந்து, புரண்டு, பெருமூச்சு விடுகிறவர் அம்மாதான். அதனால் அங்கே போயிருக்கிறான். அவனை அங்கிருந்து விரட்டாதீர்கள். அம்மாவுக்கு அவன் துணை தேவைப்படும், அவனுக்கும் அம்மாவின் துணை தேவை.

இனி அப்பாவின் கடைசி நாட்களுக்கு வருவோம். மணி எதையோ உணர்ந்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் எதை உணர்ந்திருப்பான் என்பதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மனித மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 10 கோடியிலிருந்து 30 கோடி வரை இருக்கும். இப்போது அப்பாவின் நோயை நினைத்துப் பாருங்கள். இதயம் பலவீனமாகும்போது ரத்த ஓட்டம் மந்தமாகி, கால்களில் நீர் கோத்துக்கொள்ளும். தோல் இழுபட்டுப் பளபளக்கும். சில நேரம் நீர் கசியவும் செய்யும். கசியும் நீரில் உப்பு இருக்கிறது. நாய் பாதத்தைத் திரும்பத் திரும்ப நக்குவதற்கு அதுவே போதும். இதயம் செயலிழந்து வருபவர்களின் மூச்சில் அசிட்டோன் கூடுதலாக வெளியேறுவதையும் ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். கடைசி நாட்களில் சாப்பாடு குறைந்துபோனால், உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கி அந்த வாசனை இன்னும் கூடும். சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்தால் மூச்சில் வேறொரு நெடி ஏறும். உங்களுக்கு அது மருந்து வாடையாகத் தெரிந்திருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருந்திருக்கலாம். மணிக்கோ, தினமும் முகர்ந்து பழகிய ஒருவரின் வாசனை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

வாசனை மட்டுமில்லை, மூச்சின் தாளமும் மாறும். இதயம் மிகவும் தளர்ந்தவர்கள் தூங்கும்போது மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, பிறகு மெலிந்து, சில நொடிகள் நின்றே போய், மறுபடி தொடங்கும். பகலில் நாம் பேசிக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருப்பதால் இது காதில் விழாது. ராத்திரி கட்டிலடியில் படுத்திருக்கும் நாய்க்கு ஒவ்வொரு இடைவெளியும் கேட்கும். அப்பாவின் நடமாட்டம் குறைந்தது, குரல் தணிந்தது, சாயங்கால நடை நின்றது எல்லாமே அவன் வாழ்க்கையில் நேரடியாக நடந்த மாற்றங்கள்.

அவன் சாப்பாட்டைக் குறைத்ததற்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில் உங்களிடம் இருக்கிறது. 2022இல் பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 36 பேருக்குக் கடினமான மனக்கணக்குக் கொடுத்துப் பதற்றப்படுத்தி, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வை, மூச்சு மாதிரிகளை எடுத்தார்கள். பயிற்சி பெற்ற நாய்கள் பதற்றத்தின் மாதிரியைக் கிட்டத்தட்ட 94 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டின. அவற்றுக்கு அந்த மனிதர்கள் முன்பின் தெரியாதவர்கள். ஸ்வீடனில் 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியையும் எடுத்து, அதில் தங்கியிருக்கும் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தது. மாதக்கணக்கில் மனிதருக்கு ஏறியிருந்தால் நாய்க்கும் ஏறியிருந்தது. அந்த நான்கைந்து நாளில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் சரியாகச் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் சரியாகத் தூங்கினார்கள்? வீடே கவலையில் இருந்தபோது மணியும் சேர்ந்து கவலைப்பட்டிருக்கிறான்.

இந்தப் பேச்சு வந்தாலே ஆஸ்கர் என்ற பூனையின் பெயர் வந்துவிடும். நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இருக்கும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், மறதி நோய் முற்றியவர்கள் இருந்த மூன்றாம் மாடியில் வளர்ந்த பூனை அது. டேவிட் டோசா என்ற முதியோர் நல மருத்துவர் 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அதைப் பற்றி எழுதினார். சாதாரணமாக யாரிடமும் அவ்வளவாக ஒட்டாத பூனை. ஆனால் ஒருவர் இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அவர் படுக்கையில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அப்போதே 25 பேருக்கு மேல் அப்படி நடந்திருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஆஸ்கர் படுத்திருப்பதைப் பார்த்ததும் குடும்பத்தாருக்கு போன் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன். ஆஸ்கர் விஷயத்தில் வாசனைக்குப் பெரிய பங்கு இருந்திருக்கும். செல்கள் சிதையும்போது வெளிவரும் வேதிப்பொருட்களைப் பூனை அறிந்திருக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதோடு, சாகும் தறுவாயில் இருப்பவர் அசையாமல் படுத்திருப்பார், அறை அமைதியாக இருக்கும், கதகதப்பான போர்வை இருக்கும். பூனைக்கு இதைவிடப் பிடித்த இடம் கிடையாது. முக்கியமான விஷயம், அந்த மாடியில் இருந்தவர்கள் எல்லோருமே நோய் முற்றியவர்கள். ஆஸ்கர் ஏறிப் படுத்தும் இறக்காதவர்கள் எத்தனை பேர், ஏறாமலே இறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் முறையாகக் கணக்கு எடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. அதனால் அந்தக் கதையை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து அம்மாவோடு பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் அம்மா விழித்திருக்கிறார், எழுந்து நடக்கிறார், துக்கத்தில் இருக்கிறார். இது வேறு நிலைமை.

நாய் எதைக் கவனித்தால் நாம் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். 1989இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவர் நாய் விடாமல் முகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. காட்டிப் பார்த்தால் தோல் புற்றுநோய். அதற்குப் பிறகு 2004இல் பிரிட்டனில் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். ஏழு சிறுநீர் மாதிரிகளில் எது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவருடையது என்பதை அவை 41 சதவீதம் சரியாகக் காட்டின. குருட்டாம்போக்கில் காட்டியிருந்தால் 14 சதவீதம்தான் வந்திருக்கும். அதாவது மூக்கின் திறமை நிஜம், ஆனால் பயிற்சி பெற்ற நாய்கள்கூடப் பாதிக்கு மேல் தவறவிட்டிருக்கின்றன. ஆகவே மணி அம்மாவின் உடம்பில் ஒரே இடத்தை வாரக்கணக்கில் முகர்ந்தோ நக்கியோ கொண்டிருந்தால், அந்த இடத்தை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். கட்டிலடியில் படுப்பது அந்த வகையில் சேராது.

சரி, மரணம் என்றால் என்ன என்று நாய்க்குத் தெரியுமா?

வயதான, வலி தாங்காத நாயை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைக்கச் சில குடும்பங்கள் என்னை வீட்டுக்கே அழைப்பார்கள். அந்த வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் அறைக்குள் இருக்கவிடச் சொல்வேன். இதயம் நின்று சில நிமிடம் கழித்து அது மெதுவாக எழுந்து வரும். முதலில் மூக்கருகே முகரும். பிறகு வாயோரம், காதுக்குள், அப்புறம் வயிறு. தினமும் சந்திக்கும்போது ஆடும் வால் இப்போது அசையாது. சில நாய்கள் முன்னங்காலால் தோளை ஒரு முறை தட்டிப் பார்க்கும். பதில் வராததும் ஓரடி பின்வாங்கி நின்று பார்க்கும். பிறகு போய்க் கதவோரமாகப் படுத்துக்கொள்ளும். எல்லா நாயும் இப்படி இருப்பதில்லை. ஒரே முறை முகர்ந்துவிட்டுப் பந்தைத் தேடிப் போகும் நாயும் உண்டு. அதற்குப் பாசம் இல்லை என்று வீட்டார் வருத்தப்படும்போது, அப்படி நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவேன்.

எதிரில் கிடக்கும் உடல் மாறிவிட்டது, மூச்சு இல்லை, வாசனை வேறு என்பது நாய்க்குப் புரிகிறது. இனி ஒருபோதும் திரும்பி வராது என்பது புரிகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. உடலை முகர்ந்து பார்த்த நாயே மறுநாள் வீடு முழுக்கத் தேடுவதை உரிமையாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ என்ற நாயின் கதை எல்லோருக்கும் தெரியும். டோக்கியோவில் அதை வளர்த்த பேராசிரியர் உயெனோ 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். ஹச்சிகோ 1935 மார்ச் மாதம் தான் சாகும்வரை அந்த நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. நாய்கள் மரணத்தை அறியும் என்பதற்கு இதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வந்துவிடுவார் என்று நம்பிய நாய்தான் கிட்டத்தட்ட பத்து வருடம் அங்கே வந்து நிற்கும்.

உங்கள் மணியும் சாயங்காலமானால் வாசலில் உட்காருகிறான். அப்பா இறந்தது அவனுக்கு 3 மணிக்கே தெரிந்திருந்தால் அவன் ஏன் வாசலைப் பார்க்க வேண்டும்?

அந்த ஊளைக்கு வருகிறேன். நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்ற நம்பிக்கை உலகத்தில் பல மக்களிடம் இருக்கிறது. அதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு ராத்திரி நடந்துவிட்டால் வேறு மாதிரி யோசிக்க வராது. ஆனால் ஊளை எதற்காக என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2013இல் ஆஸ்திரியாவில் ஓர் ஆய்வு மையத்தில் வளரும் ஓநாய்களை ஒவ்வொன்றாகக் கூட்டத்திலிருந்து வெளியே நடத்திக் கூட்டிப்போய், மீதி ஓநாய்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். கூட்டிப்போனது தனக்கு நெருக்கமான துணையாக இருந்தால் ஓநாய்கள் அதிகமாக ஊளையிட்டன. கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கும் ஓநாய் போனாலும் அப்படித்தான். பிரிந்துபோன ஒருவரைக் கூப்பிடும் குரல் அது. நாய்க்கும் அந்தப் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது.

அன்று இரவு நடந்ததை மணியின் இடத்திலிருந்து பாருங்கள். நடுராத்திரியில் விளக்குகள் எரிகின்றன. தெரியாத ஆட்கள் உள்ளே வருகிறார்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் எல்லோரும் கூடவே கிளம்பிவிட்டீர்கள். ஆம்புலன்ஸின் சைரன் வேறு. வீட்டில் மிஞ்சியது அழுதுகொண்டிருந்த தங்கை மட்டும். அவன் ஊளையிடாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

சரியாக 3 மணி என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கை பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அந்த இரவில் மணி பல முறை ஊளையிட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகு, அதற்குச் சற்று முன் கேட்ட ஊளைதான் நினைவில் தங்கும், மற்றவை கரைந்துவிடும். துக்கத்தில் இருக்கும் மனம் எல்லோருக்கும் இப்படித்தான் வேலை செய்யும். தொலைவிலிருந்தே நாய்க்குத் தெரியும் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜெய்ட்டி என்ற நாய், வெளியே போன உரிமையாளர் திரும்பக் கிளம்பும் அதே நிமிடத்தில் ஜன்னலருகே போய்விடுகிறது என்று 1990களில் பேசப்பட்டது. ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும், திரும்பும் நேரத்தை முன்கூட்டி யாருக்கும் தெரியாமல் வைத்து அதைச் சோதித்தார்கள். நாய் பல முறை ஜன்னலுக்குப் போய்வந்தது, கிளம்பிய நேரத்தோடு அது பொருந்தவில்லை. அந்த நாயை முன்பு ஆராய்ந்த ரூபர்ட் ஷெல்ட்ரேக் இந்த முடிவை ஏற்கவில்லை, விவாதம் நீண்டது. மைல் கணக்கில் தள்ளி இருக்கும் ஒருவரின் மரணத்தை நாய் அறிகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இதுவரை இல்லை என்பதுதான் என் நிலை.

இதனால் மணியின் பாசம் உங்கள் கண்ணில் குறைந்துவிடக் கூடாது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் அவரைக் கூப்பிட்டான். அது எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

இப்போது உங்கள் குற்ற உணர்ச்சி. நீங்கள் கேட்டதைப் பல குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன, பெரும்பாலும் மகள்கள்தான் கேட்பார்கள். மணி கொடுத்த எச்சரிக்கையை நீங்கள் தவறவிட்டதாக நினைக்கிறீர்கள். அவன் எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. இன்னும் நான்கு நாள்தான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்ற செய்தி அவன் நடத்தையில் இல்லை. அப்பாவின் கால் வீக்கத்தை அவன் பார்த்தான், நீங்களும் பார்த்தீர்கள். அவர் மூச்சு வாங்குவதை அவன் கேட்டான், நீங்களும் கேட்டீர்கள். இதயம் 20 சதவீதம்தான் வேலை செய்கிறது என்பது மணிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இன்னும் சொன்னால், அந்த வீட்டில் மணியைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் இரண்டு வருடம் மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, செக்கப் என்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்வது முறையல்ல. நான் விலங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். அப்பாவைப் பார்த்த இதய மருத்துவரிடம் நேரம் வாங்கிப் போய், இதே கேள்வியை நேராகக் கேளுங்கள். மனதுக்குள்ளேயே வைத்து அதற்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பதைவிட அது நல்லது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்: மணியின் பெயரைச் சொல்லி உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள அவனிடம் எந்தச் சாட்சியமும் இல்லை.

இனி அவனைப் பார்ப்போம். ஐந்து வாரமாகப் பாதிச் சாப்பாடு என்பதைத் துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 9 வயது நாய்க்குப் பல்வலி இருக்கலாம், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்திருக்கலாம். இழப்புக்குப் பின் வரும் சோர்வும் இந்த நோய்களும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்த வாரமே உங்கள் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய் எடை பாருங்கள், வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் துக்கம் என்று முடிவு செய்யலாம்.

நாய்க்குத் துக்கம் உண்டா என்று யாராவது கேட்டால், நடத்தையில் மாற்றம் நிச்சயம் உண்டு என்று சொல்லுங்கள். இத்தாலியில் வீட்டில் இருந்த நாய்களில் ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், மிஞ்சிய நாயிடம் மாற்றம் தெரிந்ததாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, அதிகம் தூங்கியது, சாப்பாடு குறைந்தது, ஆட்களை ஒட்டிக்கொண்டே திரிந்தது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்தது. வீட்டாரின் துக்கம் கூடினால் நாயின் மாற்றமும் கூடியது. சொன்னவர்களும் துக்கத்தில் இருந்தவர்கள் என்பதால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. இப்படி வரும் மாற்றங்கள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும் என்பது நாய், பூனை இரண்டையும் பற்றிய இன்னொரு ஆய்வில் தெரியவந்தது.

மணிக்கு இப்போது அதிகம் வேண்டியது நேரம் தவறாத நாள். அப்பா அவனை எத்தனை மணிக்கு நடக்கக் கூட்டிப்போவாரோ அதே நேரத்துக்கு இனி ஒருவர் கூட்டிப்போக வேண்டும். ஒரே ஆள், தினமும். இன்று நீங்கள், நாளை தங்கை என்று மாற்றாதீர்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவனைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவர வேண்டாம். அந்த நேரத்துக்கே சங்கிலியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நில்லுங்கள். முதல் சில நாள் வழியில் நின்று நின்று திரும்பிப் பார்ப்பான். இழுக்காமல் கூடவே நில்லுங்கள். முகர வேண்டிய இடத்தில் வேண்டிய மட்டும் முகரட்டும். நடை அவனுக்குக் காலைவிட மூக்குக்குத்தான் அதிகம் தேவை.

சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வையுங்கள், வாசனை எழும். இருபது நிமிடம் வைத்துவிட்டு, சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்குக் கொடுங்கள். கெஞ்சிக் கெஞ்சிக் கையால் ஊட்டினால், ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று பழகிவிடுவான். ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் தேவை என்று நினைத்தால் நாய்களுக்கான மன அமைதி மாத்திரைகளும் இருக்கின்றன. வீட்டில் அம்மாவுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை அவனுக்குக் கொடுத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பாவின் சாமான்களை ஒரே நாளில் எடுத்து மூட்டை கட்டாதீர்கள். துவைக்காத ஒரு சட்டையோ துண்டோ மணியின் படுக்கையில் கிடக்கட்டும். அதன் மேல் படுத்தால் நல்லது, கண்டுகொள்ளாவிட்டாலும் சரி. போனில் இருக்கும் அப்பாவின் குரலை அவனுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். ஆசையாகச் சிலர் செய்கிறார்கள். நாய் எழுந்து அறை அறையாகத் தேடும், கிடைக்காமல் இன்னும் தவிக்கும். இப்போதைக்குப் புதுக் குட்டியும் வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் சீரான பிறகு யோசிக்கலாம்.

அவன் முன்னால் அழலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். தாராளமாக அழுங்கள். லண்டனில் 2012இல் ஒரு சிறு சோதனை செய்தார்கள். வளர்ப்பவரும் முன்பின் தெரியாத ஒருவரும் மாறி மாறி அழுவதுபோல் நடித்தார்கள், முணுமுணுத்தார்கள், பேசினார்கள். பெரும்பாலான நாய்கள் அழுகிறவர் யாரோ அவரிடம்தான் போயின, அந்நியராக இருந்தாலும். மணி வந்து மடியில் தலை வைத்தால் தடவிக்கொடுங்கள். அழுது முடித்ததும் எழுந்து அவனோடு ஏதாவது ஒன்று செய்யுங்கள், ஐந்து நிமிடப் பந்து விளையாட்டானாலும்.

பூனையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இப்போது மணியைவிட அதன் மேல்தான் கவலை. ஒளிந்துகொள்வது பூனையின் இயல்பு, வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தால் இன்னும் ஒளியும். ஆனால் அது சாப்பிடுகிறதா என்று யாராவது பார்க்கிறீர்களா? பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொஞ்சம் குண்டான பூனையானால், கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். நாய் தாங்கும் பட்டினியைப் பூனை தாங்காது. வைத்த சாப்பாட்டை மணி போய்த் தின்றுவிட்டால் பூனை சாப்பிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அதனால் அலமாரிக்குப் பக்கத்திலேயே, மணிக்கு எட்டாத இடத்தில், அதற்குத் தனித் தட்டு வையுங்கள். காலையில் எவ்வளவு வைத்தோம், மாலையில் எவ்வளவு மீதி என்று பாருங்கள். மணல் தட்டில் சிறுநீர், மலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள். கண்ணோ காதோரமோ மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். சாப்பிடுகிறது, ஒளிந்து மட்டும் இருக்கிறது என்றால் இழுத்து வெளியே எடுக்காமல் விடுங்கள். ராத்திரி வீடு அடங்கிய பிறகு நீங்கள் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். தானாக வரும்.

அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். இதற்கும் மணி எங்கே படுக்கிறான் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவரை இழந்தவர், ஐந்து வாரமாகத் தூங்காதவர், தன் மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

மணியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அவன் எடையையும் பூனையின் எடையையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன என்று சொல்கிறேன்.